பழமலைநாதன் சொன்ன ‘ஆச்சு’

விருத்தாசலத்தில் ஊர்ச் சாமியின் பெயரான ‘பழமலை’ என்று கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஊருக்கு வெளியே இருக்கும் சின்ன மனநல ஆஸ்பத்திரியின் ஆண் நர்ஸ் பழமலைநாதனை மட்டும் ஊர் ‘பேசுற நர்ஸு’ என்று தனியாகப் பிரித்து வைத்திருந்தது. நர்ஸுக்கு இப்படியொரு பட்டப்பெயரா என்று வேறு யாராவதாக இருந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். இவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

பெருமைப்படலாம். கையில் கிடைத்ததை வீசிக்கொண்டு வருகிறவர்கள் எதிரே இவர் போய்ச் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்துவிடுவார். தன் இரண்டு கைகளும் அவர்களுக்குத் தெரிகிறபடி வைத்துக்கொண்டு, அவர்கள் கத்தக் கத்தத் தன் குரலை இறக்கிக்கொண்டே போவார். கடைசியில் இவர் பேசுவது காதில் விழவேண்டுமே என்பதற்காகவாவது அவர்கள் கத்துவதை நிறுத்துவார்கள். புதிதாக வேலைக்கு வந்த வேல்விழிக்கு அவர் சொன்ன முதல் பாடம் இது: “கவலப்படாதீங்கன்னு யாருகிட்டயும் சொல்லாத பாப்பா. வாய மூடுன்னுதான் அதுக்கு அர்த்தம். பொய்யும் சொல்லாத. இன்னிக்கிப் பொழுது ஓடிரும், நாளைக்கி அவுங்க நம்மள நம்ப மாட்டாங்க.”

அந்த வார்டில் திரௌபதி என்று ஒரு அம்மாள் இருந்தாள். செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலை பார்த்தவள். ஒரே மகன் தங்கதுரை. மங்கலம்பேட்டை ஆட்களோடு சேர்ந்து குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனான். முதல் வருஷம் வாராவாரம் போன் வந்தது. பிறகு மாதம் ஒன்று. பிறகு நின்றே போயிற்று. ஊர் திரும்பியவர்கள் யாருக்கும் அவன் சேதி தெரியவில்லை. அம்மாளுக்கு முதலில் தூக்கம் போனது, பிறகு வேலை போனது. பஸ் ஸ்டாண்டில் நின்று வருகிற பஸ்ஸையெல்லாம் தட்டி மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தபோது, தங்கை வந்து இங்கே சேர்த்துவிட்டுப் போனாள்.

மாத்திரையில் தூக்கம் திரும்பியது. சாப்பாடுதான் பெரும்பாடு. தட்டை வைத்ததும், “எம்புள்ள சாப்ட்டானா தம்பி?” என்று கேட்பாள். பழமலைநாதன் ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். “அவன் நெனப்பாவே இருக்குதாம்மா? அவனுக்கு என்னா கொழம்பு புடிக்கும்?” என்பார். அவ்வளவுதான், நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காயை எப்படி வெட்டிப் போட வேண்டும் என்பதிலிருந்து அம்மாள் பேசத் தொடங்குவாள். பேச்சோடு பேச்சாகச் சோறும் உள்ளே இறங்கிவிடும்.

இவ்வளவு பேச்சும் வார்டுக்குள்தான். வீட்டுக்குப் போனால் பழமலைநாதன் வாயே திறப்பதில்லை. திறந்தால் கேட்க ஆள் இல்லை. மனைவி கமலம் மஸ்கட்டில் ஸ்டாஃப் நர்ஸ். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டல். கமலத்தின் நைட்டியை இன்னும் அலமாரியில் வைக்க மனசு வராமல் கொடியிலேயே தொங்கவிட்டிருந்தார் மனிதர். நாற்பத்தெட்டு வயதில் இதென்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொள்வார், ஆனால் எடுக்க மாட்டார். எப்போது வருவாய் என்று அவளிடம் கேட்க அவருக்குப் பயம். போனில் அவள் “சாப்ட்டாச்சாங்க?” என்பாள். இவர் “ஆச்சு” என்பார். அவருக்குள் இருந்த ஏக்கமெல்லாம் அந்த ‘ஆச்சு’வுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும்.

நம் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது. வயிறு ஒட்டிப்போய்க் கிடந்தாலும் ‘ஆச்சு’தான். கேட்டவருக்கும் அது தெரியும்.

ஒருநாள் காலை டிபன் நேரத்தில் கமலம் கூப்பிட்டாள். வராந்தாவில் நின்று வழக்கமான கேள்விக்கு வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டு, போனைப் பையில் போட்டபடி வார்டுக்குள் நுழைந்தார். காதில் இன்னும் அவள் குரல்தான்.

“சாப்ட்டானா தம்பி?” என்றாள் திரௌபதி.

“ஆச்சும்மா” என்றுவிட்டார்.

அம்மாளின் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவருக்கு உறைத்தது. அதற்குள் அவள் எழுந்துவிட்டாள். “எங்க பாத்த? யாரு வூட்ல சாப்ட்டான்? எளச்சிட்டானா?” இதையே வேல்விழி சொல்லியிருந்தால் அம்மாள் நம்பியிருக்க மாட்டாள். பொய்யே சொல்லாத தம்பியல்லவா சொல்லிவிட்டது! தட்டை அப்படியே தள்ளிவிட்டுக் கிரில் கேட்டருகே போய் உட்கார்ந்தாள். மகன் வரட்டும், அவன் கையால் ஒரு வாய் வாங்கித்தான் சாப்பிடுவேன் என்றாள். மதியமும் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை, மாத்திரையையும் துப்பிவிட்டாள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் தேவநாதன், சாயங்காலமும் இப்படியே என்றால் மூக்கில் குழாய் போட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

“வழியில இருக்காருன்னு சொல்லிப் பாக்கட்டுமா சார்?” என்றாள் வேல்விழி.

“நான் செஞ்ச கூத்து போதும், நீ வேற சேக்காத” என்றார்.

கேட்டருகே போய், அம்மாளிடமிருந்து ஒரு கை தூரம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார்.

“அம்மா, நான் ஒங்க புள்ளைய பாக்கல. வாய் தவறி வந்துருச்சு. தப்பு என்னுது.”

அம்மாள் அவரையே பார்த்தாள். பிறகு பளாரென்று அவர் தோளில் ஓர் அடி. வேல்விழி ஓடி வந்தாள். அவர் கண்ணாலேயே அவளை நிறுத்தினார்.

“அப்ப அவன் சாப்புடலையா?”

“தெரியலம்மா.”

“வருவானா?”

“அதுவும் எனக்குத் தெரியலம்மா.”

எனக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இருக்கிறாள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. நம் பாரத்தைத் தூக்கி நோயாளி தலையில் வைக்கக் கூடாது. விழுங்கிக்கொண்டார். வெளியே ஷேர் ஆட்டோக்கள் போயின. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

வெகுநேரம் கழித்து அம்மாள் அழ ஆரம்பித்தாள். பஸ்ஸுகளைத் தட்டிய நாளிலிருந்து அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

“எல்லாரும் வருவான் வருவான்னே சொல்றாங்க தம்பி. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது, நான் ஒருத்திதான் தெரியாம கெடக்கறேன்னு நெனச்சேன். ஒனக்கும் தெரியாதா?”

“தெரியாதும்மா. தெனமும் என்னக் கேளுங்க. தெரியலன்னா தெரியலன்னுதான் சொல்லுவேன்.”

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பசிக்கிது” என்றாள். வேல்விழி சூடாக ரசம்சாதம் பிசைந்து கொண்டுவந்தாள். அழுதுகொண்டேதான் சாப்பிட்டாள், ஆனால் சாப்பிட்டாள்.

பழமலைநாதன் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய் மஸ்கட்டுக்குப் போன் போட்டார். அவராக, அதுவும் டூட்டி நேரத்தில், கூப்பிட்டதே இல்லை. கமலம் பதறிப்போனாள்.

“என்னங்க? நம்ம பாப்பாவுக்கு எதுனாச்சுமா?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. நீ எப்ப வருவ கமலம்? நீ இல்லாம வூட்ல இருக்க முடியல.”

மறுமுனையில் அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்துவது கேட்டது.

“தெரியலங்க” என்றாள் கமலம். “இங்க லீவு குடுக்க மாட்டேங்கறாங்க. எப்பன்னு எனக்கே தெரியல. நீங்க கேக்கவே இல்லியே, அதான் ஒங்களுக்கு அங்க பழகிப்போச்சுன்னு நெனச்சிட்டேன்.” சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

சற்று முன் அம்மாளிடம் ‘தெரியல’ என்ற அதே வார்த்தையைச் சொன்னவர்தான். தனக்கே ஒருவர் சொல்லும்போது அது எவ்வளவு வலிக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. வலித்தாலும், அவளைக் கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்துக்கொண்டது போலவும் இருந்தது.

“பழகல கமலம்” என்றார்.