பாத்திரக்கடை வாசலில் காட்டிய பச்சை

திண்டிவனத்தில் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இரண்டு முறை விழுப்புரத்தில் டயாலிசிஸ். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடலாம். அவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் வரும்வரை வண்டியை அங்கே விட முடியாது. காவலாளி கத்துவான். அதனால் பக்கத்திலேயே ஓர் இடம் வேண்டும்.

அந்தச் சமயத்தில் ஒரு கம்பெனி விழுப்புரத்தில் தெருவோரம் முழுக்க சென்சார் பதித்தது. மேலே வண்டி நின்றால் அதற்குத் தெரியும். எங்களைப் போன்ற டிரைவர்களின் போனில் ஓர் ஆப்பும் போட்டார்கள். யார் எங்கே நிறுத்துகிறோம், எப்போது கிளம்புகிறோம் என்பதை அது எல்லோருக்கும் சொல்லும். காலியிடம் பச்சையாகத் தெரியும். நான் போகிற இடத்தையெல்லாம் எவனாவது பார்த்துக்கொள்ளட்டும், அப்பாவுக்கு இடம் கிடைத்தால் போதும் என்று முதல் ஆளாகச் சேர்ந்தேன்.

முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பச்சை. வழியில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு அங்கே போனேன். அங்கிருந்த பாத்திரக்கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். இந்த ஊரில் எல்லாக் கடைக்காரனும் செய்வதுதான். சென்சாருக்கு இரும்பு தெரியும், நாற்காலி தெரியாது.

"அண்ணே, அத்த கொஞ்சம் எடுங்க. ஒடம்பு முடியாதவரு இருக்காரு."

"கஸ்டமர் வண்டி வரும்பா."

"ரோடு இன்னா உங்க ஊட்டு சொத்தா?"

"செல்போனக் கேட்டுக்கினுதான வந்த? அதையே எடுக்கச் சொல்லு."

பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். அப்பா சொன்னார்: "வுடுடா. இங்க சண்ட போட்டுக்கினு இருந்தா மிஷின்ல வேற ஆளப் போட்ருவாங்க."

கம்பெனி இன்ஜினியரிடம் போய்க் கத்தினேன். அவர் தெருவை வந்து பார்த்துவிட்டுப் போனார். மறுவாரம் சரிசெய்துவிட்டதாகச் சொன்னார். ஒரு நாற்காலியும் நகரவில்லை. நாற்காலி கிடந்த இடங்களையெல்லாம் ஆப்பில் நிரந்தரமாகச் சிவப்பாக்கியிருந்தார்கள்.

"இனிமே தப்பா காட்டாதுங்க" என்றார், பெருமையாக.

கடைக்காரன் திருடிய ரோட்டை அவன் பேருக்கே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிற்று. அதைக் காட்டிக் கொடுத்தவன் நான்.

அதற்கப்புறம் பச்சை தெரிந்ததெல்லாம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம்தான். "என்னை வாசல்ல எறக்கிட்டு நீ போ" என்றார் அப்பா. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தனியாகப் படியேறினார். நான் ஓடி வருவதற்குள் மிஷின் ஓட ஆரம்பித்திருக்கும், உள்ளே விடமாட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்காருவேன். முடிகிற நேரத்தில் வண்டி எடுக்க ஓடுவேன்.

ஒருநாள் பாதியில் அவருக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. நர்ஸ் வெளியே வந்து, "திண்டிவனம் பெரியவருக்கு யாருனா வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"நான் அவர் பையன்மா."

"பையனா? தனியாதான வருவாரு. யாருமே இல்லாதவருன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தோம்."

உள்ளே போனேன். அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"வண்டிய எங்கடா வுட்ட?" என்றார்.