பொரிக்காத பன்னிரண்டு முட்டைகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் ஆரம்பித்த கதை இது. அப்போது நான் மோகனூர் பக்கம் ஒரு சின்ன ஊரில், அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள்.

எனக்கு எதையும் அட்டவணை போட்டுச் செய்தால்தான் தூக்கம் வரும். ஜூன் மாதமே ஒரு பெரிய சார்ட்டில், வருடம் முழுக்கச் செய்யப்போகும் வேலைகளைக் கலர் கலராக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவேன். அந்த வருடமும் எல்லாம் சொல்லி வைத்த மாதிரி நடந்தது. இலைகளைச் சேகரித்து நோட்டில் ஒட்டினோம். தபால் நிலையத்துக்குப் போய் ஆளுக்கொரு கார்டு வாங்கி, அவரவர் வீட்டுக்கே கடிதம் போட்டோம். மழை நின்ற பிறகு காவிரிக் கரைக்குக் கூட்டிப் போனேன். கூழாங்கல்லை அள்ளித் திணித்து, பாதிப் பேர் டவுசர் பை கிழிந்து திரும்பினார்கள். ஒவ்வொன்று முடிந்ததும் சார்ட்டில் ஒரு டிக் போடுவதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஜனவரிக் கட்டத்தில் 'முட்டையிலிருந்து குஞ்சு' என்று எழுதியிருந்தேன்.

நான் சேலத்துக்காரி. அத்தா மளிகைக் கடை வைத்திருந்தார். கடை வாசலில் முட்டைத் தட்டுகள் என் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். முட்டையைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். நாமக்கல் சீமையில் வந்து முட்டைப் பாடம் எடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை என்பது அப்போது உறைக்கவே இல்லை.

ஒரு தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஒரு பல்பு, ஈரத்துக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஒரு வெப்பமானி. பள்ளிக்கு எதிர்க்கடையில் பன்னிரண்டு வெள்ளை முட்டைகள் வாங்கி, துணி விரித்து அடுக்கினேன். இருபத்தொரு நாளில் குஞ்சு வரும் என்று நான் அறிவித்ததும் வகுப்பு கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தியது.

ஒரே ஒரு பெண் மட்டும் எழுந்து நின்றாள். மூன்றாவது வரிசை. கேட்டால்கூட வாய் திறக்காத பிள்ளை. அந்த வருடம்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்திருந்தாள்.

"இல்லீங்க டீச்சர்... இது பொரிக்காதுங்க."

"நல்ல காரியம் தொடங்கும்போது நல்லதாப் பேசணும். உட்காரு" என்றேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு நாங்கள் அந்தப் பெட்டிக்கு அடிமை. காலையும் மாலையும் முட்டையைத் திருப்ப முறை போட்டோம். சனி, ஞாயிறுகளில் பெட்டியை யாரிடமும் நம்பி விட மனமில்லாமல், முட்டைகளைத் துணியில் சுற்றி, பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். கண்டக்டர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுக்கும் டிக்கெட் போடலாமுங்களா?" என்றார். பிள்ளைகள் குஞ்சுகளுக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள்.

இருபத்தொன்றாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இருபத்து நான்காம் நாளும் இல்லை. இருபத்தாறாம் நாள் ஒரு முட்டை வெடித்து, அந்த நாற்றத்தில் பக்கத்து வகுப்பும் சேர்ந்து வெளியே ஓடியது. அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்தோம். சில பிள்ளைகள் அழுதே விட்டார்கள். எனக்கும் அழுகைதான் வந்தது, ஆனால் அது சார்ட்டில் டிக் போட முடியாத அழுகை. கரண்ட் அடிக்கடி போனதுதான் காரணம் என்று சொல்லி முடித்துவிட்டேன்.

பிள்ளைகள் வேறு காரணம் கண்டுபிடித்திருந்தார்கள். அந்தப் பெண் முதல் நாளே வாய் வைத்துவிட்டாளாம். அவளுக்குக் கருநாக்காம். குழாயடியில் அவளை நாக்கை நீட்டச் சொல்லிச் சுற்றி நின்று பார்த்திருக்கிறார்கள். என் காதிலும் விழுந்தது. சும்மா இருங்க என்று ஒரு அதட்டு போட்டேன். அது போதும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் திங்கள், செவ்வாய், புதன், வியாழன், நாலு நாளும் அவள் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் காணாததால் சாயங்காலம் வீடு தேடிப் போனேன்.

அவள் அம்மா கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். வயிற்றுவலி என்கிறாள், ஆனால் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"நாலு நாளா வேப்பங்குச்சியை வெச்சு நாக்கைத் தேச்சுக்கிட்டே இருக்குதுங்க டீச்சர். ரத்தம் வார அளவுக்குத் தேய்க்குது. ஏஞ்சாமி இப்படிப் பண்றேன்னு கேட்டா, கருப்பு போகோணும்ங்குது."

அங்கிருந்த பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, முட்டைக் கதை முழுவதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அந்த அம்மா கேட்டுவிட்டுச் சிரித்துவிட்டார். கேலியாக இல்லை, பாவம், அடக்க முடியவில்லை.

"கடை முட்டைங்களா வெச்சீங்க? அட, பண்ணையில சேவலே கிடையாதுங்களே. எல்லாமே பெட்டைங்க. சேவல் சேராத முட்டையை வருசம் முழுக்க வெச்சாலும் எப்படிங்க குஞ்சு வரும்?"

முன்பு குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் வேலை பார்த்தவராம் அவர். முட்டையை விளக்கு வெளிச்சத்தில் காட்டினால் கரு ஓடியிருப்பது தெரிந்துவிடும் என்றும், மகளுக்கு அதெல்லாம் அத்துப்படி என்றும் சொன்னார். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது, பி.எட். முடித்த எனக்குத் தெரியவில்லை. சரி, தெரியாதது தப்பில்லை. தெரிந்தவளை உட்கார வைத்தேனே, அதுதான் தப்பு.

அவள் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். நீ சொன்னதுதான் சரி, டீச்சர்தான் தப்பு, திங்கட்கிழமை ஸ்கூலுக்கு வா என்றேன். அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதை அங்கெ எல்லார்த்துக்கிட்டயும் சொல்லுவீங்களா டீச்சர்?"

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்குத் தயக்கமாக இருந்தது. பிள்ளைகள் முன்னால் டீச்சர் தாழ்ந்து போகலாமா என்று உள்ளுக்குள் ஒரு குரல். அவள் உதட்டோரம் புண்ணாகியிருந்ததைப் பார்த்ததும் அந்தக் குரல் அடங்கியது. சொல்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை சொன்னேன். கரண்ட் மேல் பழி போட்டது பொய் என்றும் சொன்னேன். முன் வரிசைப் பையன் ஒருவன் நம்பாமல், "டீச்சருக்கே தெரியாதுங்களா?" என்று கேட்டான். தெரியாது, அவளுக்குத் தெரியும், இனி அவள்தான் நமக்குச் சொல்லித் தரப்போகிறாள் என்றேன். அவளைச் சுற்றி நின்று நாக்கைப் பார்த்தவர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள்.

சத்துணவு சமைக்கும் அக்கா வீட்டு நாட்டுக்கோழி ஒன்று அடைக்கு நின்றது. அவர் வீட்டுச் சேவல் சேர்ந்த முட்டைகள் பத்து. வகுப்பு மூலையில் கூடையில் தவிடும் வைக்கோலும் போட்டு அடை வைத்தோம். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று அந்த அக்கா கூடைக்குள் ஒரு இரும்பு ஆணியைப் போட்டார். அறிவியல் சொல்லத் துடித்த என் வாயை அன்றைக்குக் கட்டிப் போட்டுவிட்டேன். பட்ட சூடு ஆறவில்லை.

எட்டாம் நாள் ஜன்னல்களையெல்லாம் மூடி, செல்போன் டார்ச்சில் அவளே முட்டையைப் பிடித்துக் காட்டினாள். உள்ளே சிவப்பாக நரம்புகள் கிளை விட்டிருந்தன, நடுவில் ஒரு கரும்புள்ளி துள்ளியது. பக்கத்தில் ஒரு கடை முட்டையைக் காட்டினாள், வெறும் வெளிச்சம்தான். ஒவ்வொருவராக வந்து இரண்டையும் பார்த்தார்கள். அவளைக் கருநாக்கு என்று முதலில் சொன்ன பெண், இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

இருபத்தொன்றாம் நாள் காலையில் கோழிக்கு அடியிலிருந்து கீச்சுச் சத்தம். மதியத்துக்குள் ஒன்பது குஞ்சுகள். அன்றைக்குப் பாடமாவது ஒன்றாவது! தலைமை ஆசிரியை முதல் சமையல் அக்கா வரை எல்லோரும் எங்கள் வகுப்பில்தான். கடைசியில் கூடையில் ஒரே ஒரு முட்டை மிச்சம்.

"இது பொரிக்குமா?" என்று அந்த முன் வரிசைப் பையன் கேட்டான். என்னிடம் இல்லை, அவளிடம். வகுப்பு மொத்தமும் அவள் வாயைப் பார்த்தது. அவள் முட்டையைக் காதருகில் வைத்துக் கேட்டாள். யோசித்தாள்.

"தெரீலை. நாளைக்கு வரைக்கும் பாக்கலாம்" என்றாள்.

மறுநாளும் அது பொரிக்கவில்லை. பொரிக்கலை என்று அவளே சொன்னாள். யாரும் அவள் நாக்கைப் பார்க்கவில்லை. முட்டையைப் புதைக்கக் குழி தோண்ட நான், நீ என்று போட்டி போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

இப்போது வேறு பள்ளியில் இருக்கிறேன். ஜூன் மாதம் சார்ட் ஒட்டுகிற பழக்கம் போகவில்லை, பாடத்தின் நடுவே எங்கேயோ ஒரு குரல் "இல்லீங்க டீச்சர்..." என்று இழுத்தால் மட்டும், கையில் இருக்கும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் சாமி, சொல்லு" என்று அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறேன்.