வாசுகி செய்யாத பிழை

வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்றபோது வாசுகியின் தம்பி கைபேசியில் அழைத்தான். "அக்கா போயிட்டா" என்றான். நோய் முற்றியிருந்தது தெரிந்ததுதான். பஸ் வருமுன்பே இன்னொரு செய்தி வந்தது: நானும் அவளும் முன்பு வேலை செய்த நிறுவனத்தின் அஞ்சலி. 'எங்கள் குடும்பத்தின் ஒளி அணைந்தது' என்று போட்டிருந்தார்கள். வாசுகியை அறிந்தவர்களே, அந்தக் குடும்பம் அவளுக்குச் செய்ததைச் சொல்லாமலிருக்க என்னால் முடியவில்லை.

ஒருகொடவத்தையில் கப்பல் கொள்கலன்களை அடுக்கும் ஒரு முற்றத்துக்கு அவள் கணினி நிரல் எழுதிக் கொடுத்திருந்தாள். எந்தக் கொள்கலனை எங்கே அடுக்குவது என்று அதுதான் சொல்லும். அவள் லீவில் நின்ற ஒரு நாள் எங்கள் முகாமையாளர் தானே அதில் கைவைத்து, தீப்பற்றக்கூடிய சரக்குக்கான வரிகளில், நிரல் தேடி எடுக்கவேண்டிய ஒரு பெயரைப் பிழையாக எழுதிவிட்டார். நிரல் வழமைபோல் ஓடியது. பல வாரங்களின் பின் அப்படியொரு சரக்கு வந்தபோது எல்லாம் நின்றது. லொறிகள் வீதிவரை வரிசைகட்டின.

அதைப் பற்றிக் கூடிய கூட்டத்தில் முகாமையாளர் வாசுகியைத்தான் பார்த்தார். "எழுதினது நீங்கள்தானே? நான் மாத்தினது எப்பவோ. அது பிழையெண்டா இவ்வளவு நாளும் எப்பிடி ஓடினது?"

"இந்த மொழி அப்பிடித்தான் சேர்" என்றாள் வாசுகி. "நிரலை வரிவரியா ஓட்டுற இன்டர்பிரெட்டர் தொடங்கேக்கை வசனம் ஒழுங்கா இருக்கோ எண்டு மட்டும்தான் பாக்கும். அந்தப் பெயரில ஒண்டு இருக்கோ எண்டு, ஓடிக்கொண்டு போய் அந்த வரிக்கு வந்தாப் பிறகுதான் தேடும். இவ்வளவு நாளும் அது அந்த வரிக்குப் போகவேயில்லை."

சொன்னதோடு நிற்காமல் மடிக்கணினியைத் திருப்பி ஓட்டியும் காட்டினாள். சாதாரணச் சரக்கைக் கொடுத்தாள், ஓடியது. தீப்பற்றும் சரக்கைக் கொடுத்தாள். அவர் எழுதிய வரியில் நின்றது. எல்லோரும் பார்த்தோம்.

"இங்க கிளாஸ் எடுக்க வேண்டாம்" என்றார் அவர்.

அன்று மாலையே வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் போனது, பிழை வாசுகியுடையது என்று. மன்னிப்புக் கடிதத்தில் அவளை ஒப்பமிடச் சொன்னார்கள். "செய்யாததுக்கு நான் ஏன் சைன் வைக்கோணும்?" என்று கேட்டவள் வேலையை விட்டாள். போன இடமெல்லாம் அந்தக் கதை அவளுக்கு முன்னே போயிருந்தது. கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஒரு சிறு நிறுவனத்தில், தன் தகுதிக்குக் கீழான வேலையில் சேர்ந்தாள்.

செத்த வீட்டுக்கு அந்த முகாமையாளர் மலர்வளையத்தோடு வந்தார். வாசலில் மறித்துக் கேட்டேன்: "இப்பவாவது உண்மையைச் சொல்லி ஒரு மெயில் போடுவீங்களா?"

"பழசை ஏன் கிளறுறீங்கள்? அவ நல்ல பிள்ளை."

நல்ல பிள்ளையாம்! அவள் உயிரோடு இருந்தபோது அது தெரியவில்லையா?

வாசுகியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. "இவ்வளவு நாளும் ஓடினதுதானே" என்று யார் சொன்னாலும், "அந்த வரி ஓடினதோ?" என்று கேட்பாள். இப்போது நான் கேட்கிறேன், குரலைத் தாழ்த்தாமல்.