மாரியப்பன் வீடு வாங்கிய வைபவம்

மாரியப்பனுக்கு ஞானம் பிறந்தது ஒரு வாடகை சைக்கிள் கடையில். அரியாங்குப்பத்திலிருந்து தினமும் ஆற்றைத் தாண்டிப் புதுச்சேரிக்கு வந்து, ரயிலடிப் பக்கம் இருந்த அந்தக் கடையில் காற்றடித்துப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். வயது இருபத்து மூன்று. முதலாளி காலை நீட்டித் தூங்குவார். சைக்கிள்கள் ஊரைச் சுற்றிச் சம்பாதித்துக்கொண்டு வரும். தூங்குகிறவனுக்குக் காசு, விழித்திருப்பவனுக்குக் கை நிறையக் கரி என்ற பொருளாதாரத் தத்துவத்தை எந்தக் கல்லூரியும் இவ்வளவு தெளிவாகப் போதித்திருக்க முடியாது. மாரியப்பன் அதை ஒரு படி மேலே கொண்டுபோனான். சைக்கிளை வாடகைக்கு விட்டால் பஞ்சராகும், திருட்டுப்போகும். வீடு நின்ற இடத்தில் நிற்கும். அதை யாரும் மிதித்துக்கொண்டு கடலூருக்கு ஓடிவிட முடியாது.

காலமும் தோதாக இருந்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம். பிரெஞ்சுக் குடிமக்களான தமிழ்க் குடும்பங்களில், ஊரில் இருப்பதா, கப்பலேறுவதா என்பதே பேச்சாக இருந்தது. கப்பலேறுகிறவர்கள் வீட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பது மாரியப்பனின் இரண்டாவது கண்டுபிடிப்பு.

சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த மார்செல், சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தார்.

“தம்பி, இந்த ஊர்ல இனிமே என்னா இருக்கு? நான் பிரான்சுக்கு, மர்செய் பட்டணத்துக்குக் கெளம்புறேன். வீட்டை உன்னை மாதிரி நல்ல புள்ளைக்குத்தான் குடுக்கணும்.”

“அவ்ளோ பெரிய வீட்டுக்கு நான் எங்க போவேன், முசியே?”

“முன்பணம் குடு. மீதியை வர்ற வாடகையிலேர்ந்து மாசாமாசம் அனுப்பு. நான் என்னா அவசரமா படுறேன்?”

அவசரப்படாத மனிதர், அதே வாரத்தில் நாலு முறை காற்றடிக்க வந்தார்.

முன்பணத்துக்கு மாரியப்பன் கண்ணில் பட்டது மனைவியின் கழுத்து. சின்னப்பொண்ணுக்கு அவள் தாய் மீன்கூடை சுமந்து சேர்த்துப் போட்டது ஆறு சவரனில் ஒரே ஒரு சங்கிலி. தாய் இப்போது இல்லை; சங்கிலிதான் இருந்தது.

“குடு, மெருகு போட்டுட்டு வர்றேன்.”

“நல்லாத்தானே மின்னுது?”

“இன்னும் மின்னும்.”

அவள் கழற்றிக் கொடுத்தாள். சங்கிலி கிடந்த இடம் கழுத்தில் வெளுப்பாக ஒரு கோடாகத் தெரிந்தது. மாரியப்பன் அந்தப் பக்கம் பார்க்காமல் புறப்பட்டான். பெரிய முதலீட்டாளர்கள் சில்லறை விஷயங்களைப் பார்ப்பதில்லை.

மார்செல் வீட்டுக் கூடத்தில், ஏசுநாதர் படத்தின் கீழ், வெற்றிலை, பாக்கு, பழத்தோடு தட்டு மாற்றிக்கொண்டார்கள். மார்செல் தம் பங்குக்கு ஒரு கோப்பை ஒயினும் ஊற்றினார். இரு மதங்களும் சாட்சி நின்ற இந்த வியாபாரத்தை இனி யார் அசைக்க முடியும்? மார்செலின் மனைவி அஞ்செல் காப்பி கொண்டுவந்தாள்.

“என்னா தட்டெல்லாம்? பொண்ணு கிண்ணு பாக்குறீங்களா?”

“ஆம்பளைங்க விஷயம். நீ போ” என்றார் மார்செல்.

“எங்க ஊர்லயும் மனை பேசறப்போ பொம்பளைங்க எதிர்ல வர மாட்டாங்க, முசியே.”

“நல்ல ஊரு.”

அன்று முதல் மாலை தவறாமல் தெருவின் எதிர் வாடையில் நின்று தன் வீட்டைப் பார்வையிட்டான் மாரியப்பன். முன்கட்டில் ஒரு குடும்பம், மாடியில் ஒன்று, பின்கட்டில் ஒன்று என்று மனசுக்குள்ளேயே குடியும் வைத்தான். சுவரில் சைக்கிளைச் சாய்த்த ஒருவரை, “சுண்ணாம்பு உதிருது, எடுய்யா!” என்று அதட்டினான். வீட்டில் சின்னப்பொண்ணு, “மெருகு இன்னும் ஆவலியா?” என்று கேட்பாள். ஆசாரிக்குக் கண்வலி வந்தது. பிறகு ஆசாரியின் மாமனார் இறந்தார். அவரை அடக்கம் செய்த கையோடு மாமியாரும் படுத்த படுக்கையானார்.

பத்திரம் பதிய இருவரும், பிரெஞ்சுக்காரர் காலத்துப் பத்திர அதிகாரியான நொத்தேரிடம் போனார்கள். அவர் பழைய பத்திரத்தைப் புரட்டினார். மாரியப்பனும் அதைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தான். பிரெஞ்சு தெரியாததால் முத்திரையை மட்டும் ரசித்துத் திருப்பிக் கொடுத்திருந்தான்.

“வீடு மதாம் அஞ்செல் பேர்ல இருக்கு. அவங்க அப்பா குடுத்தது. மதாம் எங்க?”

“அவங்க எதுக்குங்க? இவருதானே புருஷன்?”

“அந்தம்மாவுக்குப் புருஷன். வீட்டுக்கு இல்ல.”

மார்செல் மின்விசிறியைப் பார்த்தார். முன்பணத்தில் அவர் கப்பல் டிக்கெட் வாங்கியாகிவிட்டது. ஒரே ஒரு டிக்கெட். மாரியப்பன் அதைத் தெரிந்துகொண்டபோது கப்பல் போய்விட்டிருந்தது.

மனைவி போய் அழுதால் அஞ்செல் இரங்குவாள் என்று கணக்குப் போட்டு, சின்னப்பொண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு புடவை மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் பின்னால் போனான்.

அஞ்செல் அவளை மட்டும் உட்காரச் சொன்னாள். “சங்கிலியை வித்து வீடு வாங்கச் சொன்னியா, பொண்ணே?”

“மெருகு போடன்னு வாங்கினு போச்சு.”

“ஒன்னுது மெருகு போடப் போச்சு. என்னுது மர்செய் போச்சு” என்று சிரித்தாள் அஞ்செல். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மதாம், நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போட்டா…”

“ஒங்கிட்ட நான் பேசல.” அவள் சின்னப்பொண்ணு பக்கம் திரும்பினாள். “வீட்டைத் தர மாட்டேன். சங்கிலிக்குக் காசு தரவும் எங்கிட்ட இல்ல, பென்ஷன் அந்தாளு பேர்ல வருது. பின்கட்டுல ரெண்டு ரூம் சும்மா கெடக்கு. சங்கிலிக் கணக்கு கழியற வரைக்கும் நீ வச்சிக்க. வாடகைச் சீட்டு ஒன் பேர்ல எழுதறேன். இவனைச் சேத்துக்கறதும் சேத்துக்காததும் ஒன் இஷ்டம்.”

சின்னப்பொண்ணு இரண்டு அறைகளையும் நின்று பார்த்தாள். “தண்ணி கெணறா, கொழாயா?” என்று கேட்டாள். வேறு எதையும், யாரையும் பற்றிக் கேட்கவில்லை.

மறுநாளே பாத்திரங்களோடு குடி வந்தாள். பின்வாசலில் நின்ற மாரியப்பன் தொண்டையைக் கனைத்தான்.

“ஒரு ரூமு ஒனக்குப் போதும். இன்னொன்னுல நான்…”

“அதை வாடகைக்கு உடப் போறேன். சங்கிலி வாங்கணும். முன்பணம் குடுக்கறவங்களுக்குத்தான். ஒங்கிட்ட இருக்கா?”

அவனிடம் இல்லை. அந்த வாரமே ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி அறையைப் பிடித்தாள். அவளுடைய டிரங்குப் பெட்டியை வாடகை சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தவன் மாரியப்பன். உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, கொஞ்சம் நின்றான். சின்னப்பொண்ணு கூலி நாலணாவை அவன் விரல் படாமல் உள்ளங்கையில் போட்டுவிட்டு, நர்ஸுக்குக் கிணற்றடியைக் காட்டப் போனாள்.