மழை நாளுக்கு அரை வரி

லாலான் புல் இடுப்பு உயரம் வளர்ந்த ஒரு மனையில், சுவர் இல்லாமல், கூரை இல்லாமல், ஒரு நிலைவாசல் மட்டும் நின்றுகொண்டிருந்தது. மலாக்காவில், காஜா பெராங்கில் என் மாமாவின் வீடு என்று நாங்கள் சொல்லிக்கொண்டது அதைத்தான். கரையான் கிட்டே வராத கனமான காட்டு மரம். மேல்கட்டையில் தாமரை, அதன் இருபுறமும் கிளிகள். வெள்ளிக்கிழமை தவறாமல் அத்தை அதைத் துடைத்து மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பாள். ஒருமுறை அந்த வழியாகச் சைக்கிளில் போன ஜப்பானியச் சிப்பாய் ஒருவன் இறங்கி, வாசலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, குனிந்து வணங்கிவிட்டுப் போனான். அவர்கள் ஊரில் கோயிலுக்கு முன்னால் இப்படித்தான் வெறும் வாசல் நிற்கும் என்று பிறகு யாரோ சொன்னார்கள். ஊரே அவர்களைக் கண்டு குனிந்துகொண்டிருந்த காலத்தில், எங்கள் வீட்டு வாசலுக்கு அவர்களில் ஒருவன் குனிந்தான் என்பதில் எனக்கு அப்போது பெருமை தாங்கவில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. ஜப்பான் சண்டை வருவதற்கு முன் ஒரு சாமான் கடையில் கணக்கராக இருந்தார். வாடகை அறையிலிருந்து வாடகை அறைக்கு மாறி மாறி அலுத்துப்போய், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி அந்த மனையை வாங்கினார். அதன்பிறகு கையில் இருந்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் முக்கால்வாசியை நிலைவாசலில் போட்டார். நல்ல நாள் பார்த்து நிலை வைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக ஏறிவிடும் என்பது அவர் கணக்கு. ஊர்க் கணக்கெல்லாம் பிசகாமல் எழுதுகிறவர் தன் வீட்டுக் கணக்கில் இப்படிச் சறுக்கியதை அத்தை கடைசிவரை விடவில்லை. பஞ்சாங்கம் பார்த்து, குழியில் நவதானியம் தூவி, அத்தையின் தாலிக்கொடியிலிருந்து ஒரு பொன் குண்டைக் கழற்றிப் போட்டு நிலையை நிறுத்தினார்கள். சுவருக்குப் பணம் சேர்வதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். கடை மூடியது. வாசல் நின்றது.

நிலை வைத்த பிறகு அதைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் வீடு இல்லாமலே அங்கே குடித்தனம் நடந்தது. மாமா முளையடித்துக் கயிறு கட்டி, இது கூடம், இது அடுப்படி என்று பிரித்து வைத்திருந்தார். சாயங்காலம் நாங்கள் போய்ப் புல்லை மிதித்துவிட்டு அதற்குள் உட்காருவோம். கயிற்றைத் தாண்டி யாராவது வந்தால் அத்தைக்குக் கோபம் வந்துவிடும். "வாசல் வழியா வாங்க. சுவத்துக்குள்ள நடந்து வராதீங்க" என்பாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிப் போய், வாசலில் நுழைந்து வருவோம். மாமா மட்டும் உட்காரமாட்டார். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பார். கயிற்றை இந்தப் பக்கம் ஒரு சாண் நகர்த்துவார், மறுநாள் அதையே அந்தப் பக்கம் நகர்த்துவார்.

வேலை இல்லாமல் இருந்தவருக்குக் கிடைத்தது வரி வசூலிக்கும் வேலை. சாலையோரம் ஒரு சந்தை கூடிக்கொண்டிருந்தது. மரவள்ளிக் கிழங்கு, கீரை, கருவாடு, தேங்காயெண்ணெயில் காய்ச்சிய சவுக்காரம் என்று ஆளுக்கொரு பாய் விரித்து விற்றார்கள். என் அப்பா நான் சிறியவளாக இருந்தபோதே இறந்துவிட்டதால் அம்மாவும் அங்கேதான் அவித்த மரவள்ளி விற்றாள். நான் இலை கிழித்துக் கொடுப்பேன். விடியும்போதே பாய்க்கு இவ்வளவு என்று வரி வாங்கிவிட வேண்டும் என்பது ஜப்பான்காரன் நடத்திய நகர ஆபீஸ் போட்ட சட்டம். மாதா மாதம் ஒரு தொகையை மாமா அங்கே கட்ட வேண்டும். அதில் குறை வந்தால் அவர்தான் பொறுப்பு. அந்தச் சட்டப்படி, துணியும் புகையிலையும் விற்ற புகையிலை முதலாளிக்கும், ஒரு சட்டி கிழங்கு விற்ற என் அம்மாவுக்கும் ஒரே வரி. கிழங்கு ஊசிப்போனாலும் வரி வரிதான்.

மாமாவுக்கு இது செரிக்கவில்லை. விற்காத பண்டத்துக்கு ஏது வரி என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு நடந்தவர், சில வாரங்களில் முறையை மாற்றிவிட்டார். விடியற்காலையில் வரமாட்டார். சந்தை கலையும்போது வருவார். பாயில் மிஞ்சியிருப்பதைப் பார்ப்பார். விற்றதற்குத் தக்கபடி வாங்குவார். மழை பெய்த நாளில் யாராக இருந்தாலும் அரை வரி. ஆபீஸுக்குத் தொகை போய்ச் சேர்ந்தால் போதும், எப்படி வாங்கினாய் என்று கேட்கவா போகிறார்கள் என்று நினைத்தார். கொஞ்ச நாள் கேட்கவும் இல்லை.

கேட்டது புகையிலை முதலாளிதான். அவர் வெள்ளை வேட்டி அழுக்காகாமல் ஒரு முக்காலியில் உட்கார்ந்து வியாபாரம் செய்வார். "நானும் ஒரு பாய்தான் விரிக்கிறேன், உங்க அக்காவும் ஒரு பாய்தான் விரிக்கிறாங்க. எனக்கு மட்டும் என்னா பெரிய வரி?" என்றார்.

"பாய் ஒண்ணுதான் முதலாளி. பாய் மேல இருக்கிறது ஒண்ணா?" என்றார் மாமா.

முதலாளி சண்டை போடவில்லை. மறுவாரமே பாயைச் சுருட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டுக்குள்ளேயே வியாபாரத்தை வைத்துக்கொண்டார். வீட்டுக்குள் விற்பவனிடம் வரி கேட்க மாமாவுக்கு அதிகாரம் இல்லை. அவரைப் பார்த்து இன்னும் இரண்டொரு பெரிய வியாபாரிகளும் கிளம்பிவிட்டார்கள். போகிற போக்கில், வரிக்காசில்தான் அந்த மனுசன் வாசல் வைத்திருக்கிறான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். வாசல் சண்டைக்கு முன்னாலேயே நின்றது ஊருக்கே தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சு நன்றாக விலைபோனது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இப்போது எழுதும்போதும் வருகிறது.

பிறகு மழைக்காலம் பிடித்துக்கொண்டது. கடற்கரைக் கிளேபாங் பக்கமிருந்து கருவாடு கொண்டுவருகிறவர்கள் வரவில்லை. வந்தவர்களும் அரை வரிதான் கொடுத்தார்கள். மாதம் முடிந்தபோது தொகையில் பெரிய பள்ளம். அடுத்த மாதம் இன்னும் பெரிதாயிற்று. ஆபீஸில் இருந்த ஒருவர் மாமாவைக் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் குறையைக் கட்டு, இல்லாவிட்டால் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் கேட்கிறார்கள், உன் பெயரைக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார். அங்கே போனவர்கள் யாரும் எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்திருக்கவில்லை. மாமா அதை வீட்டில் சொல்லும்போது நின்றுகொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டு மனைக்குப் போய் மழையில் கயிற்றை நகர்த்திக்கொண்டிருந்தார்.

ஒரே வழிதான் இருந்தது. பழையபடி விடியற்காலையில் பாய்க்கு இவ்வளவு என்று வாங்கிவிட வேண்டும். பாய்கள் நிறைய இருந்தன, குறை அடைந்துவிடும். மறுநாள் விடிந்ததும் மாமா சந்தைக்கு வந்தார். வரிசையில் முதல் பாய் எங்களுடையது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சட்டியை அப்போதுதான் இறக்கி வைத்திருந்தோம்.

"அக்கா, இனிமே காலையிலேயே வாங்கிக்கிறேன். எல்லாருக்கும் போலத்தான் உனக்கும்" என்றார். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "வாங்கிக்கடா தம்பி. உன் தலை தப்பணும். இன்னும் ஒரு துண்டுகூட விக்கல, இது அரிசிக்கு வச்சிருந்தது. பரவால்ல, இன்னைக்குக் கிழங்கையே தின்னுக்கிறோம்" என்றாள். குத்திக்காட்டுவதற்காக அவள் சொல்லவில்லை. கொடுக்க வேண்டும் என்று மனசாரத்தான் கொடுத்தாள். மாமா கையை நீட்டினார். நீட்டிய கையை அப்படியே துண்டில் துடைத்துக்கொண்டு, "மழை விட்டப்பறம் வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு வரிசையின் கடைசிவரை யாரிடமும் நிற்காமல் நடந்து போய்விட்டார். அவர் நடை அன்று எனக்குப் பயமாக இருந்தது.

முடிவு எடுத்தது அத்தை. அந்த நாட்களில் நல்ல மரம் எங்கும் கிடைக்கவில்லை. புகையிலை முதலாளி வீட்டுக்குள் கடை பெருகி, அவர் புதிதாக ஒரு முன்கட்டு எடுத்துக்கொண்டிருந்தார். அத்தை நேரே அவரிடம் போய் விலை பேசிவிட்டு வந்தாள். நிலையைப் பிடுங்கவா என்று அம்மா பதறினாள். மாமாவும் ஆகாது ஆகாது என்றார். அத்தை அடுப்பை ஊதியபடியே, "ஆளு இருந்தா வாசல் வச்சிக்கலாம். ஆளு இல்லாம வாசலை வச்சிக்கிட்டு நான் யாரை உள்ள கூப்பிடுறது?" என்றாள்.

வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிய கையாலேயே அவள் அதைக் கழுவினாள். குங்குமம் ஒரு துளி இல்லாமல் தேங்காய் நாரால் தேய்த்தாள். "என் பொட்டோட அவன் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்றாள். முதலாளியின் ஆட்கள் கடப்பாரை போட்டு நிலையை அசைத்து எடுத்தபோது மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. குழியில் மண்ணோடு மண்ணாக அந்தப் பொன் குண்டு தெரிந்தது. நான் எடுக்கக் குனிந்தேன். "வேணாம், அது பூமிக்குக் குடுத்தது" என்று அத்தை மண்ணைத் தள்ளி மூடிவிட்டாள். வாசல் விற்ற பணம் அப்படியே ஆபீஸுக்குப் போயிற்று. தான் கொடுக்காமல் தப்பித்த வரியைத்தான் முதலாளி எங்கள் வாசலுக்கு விலையாகக் கொடுத்தார் என்று அம்மா சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். மாமாவோ வழக்கம்போலவே சந்தை கலையும் நேரத்தில் போய், பாயில் மிஞ்சியதைப் பார்த்து வரி வாங்கிக்கொண்டிருந்தார்.

சண்டை முடிந்தது. வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டு ஒரே நாளில் வெறும் காகிதமாயிற்று. முதலாளி மூட்டை கட்டி வைத்திருந்ததும் காகிதமாயிற்று. எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. மாமா மறுபடியும் ஒரு கடையில் கணக்கு எழுதினார். இந்த முறை புத்தி வந்து முதலில் தூண், பிறகு பலகைச் சுவர், பிறகு அத்தாப்பு ஓலைக் கூரை என்று ஒன்றொன்றாக ஏற்றினார். கடைசியில்தான் நிலை. சாமான் பெட்டி உடைத்த பலகையில் செய்தது. தாமரையும் இல்லை, கிளியும் இல்லை.

பால் காய்ச்சிய அன்று சந்தைக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். அவர்களில் பலகாரம் விற்ற ஒரு மலாக்காச் செட்டிக் குடும்பத்து அம்மாளும் இருந்தாள். நெற்றியில் விபூதி, இடுப்பில் சாரோங், வாயைத் திறந்தால் மலாய். வட்டிக்கடைச் செட்டியார்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. பல தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறியவர்கள். அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே மாமாவிடம் சாதாரணமாகச் சொன்னாள்: தேங்காய் கிடைக்காமல் வெறும் உப்புப் போட்டு நான் பலகாரம் விற்றேனே, அன்று ஹுஜான், நல்ல மழை. நீங்கள் எல்லாரிடமும் பாதி வாங்கினீர்கள், என்னிடம் மட்டும் முழுசாக வாங்கினீர்கள்.

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இவங்களுக்காக நீ வாசலையே வித்தியேடா" என்று ஆரம்பித்தாள்.

"விடுக்கா. அவங்க சொல்றது நெசமா இருந்தா?" என்றார் மாமா.

சட்டைப் பையிலிருந்து புதுக் காசு எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். எனக்கு அவள் மேல் அடக்கமுடியாத ஆத்திரம். மாமாவுக்குத் துளியும் இல்லை. அவருக்கு வந்தது வேறு. அன்று சாயங்காலமே புதுக் கூடத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டார். "அன்னைக்கு மழை எப்ப வந்துச்சுக்கா? நான் அவங்ககிட்ட வாங்குறதுக்கு முன்னாலயா, வாங்கினப்பறமா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்கு எங்கே நினைவிருக்கும்? அத்தையைக் கேட்டார். அவர் மகனைக் கட்டிக்கொண்டு நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனபின், சோறு போடும்போது என்னைக் கேட்பார். வாசல் போனதைப் பற்றி ஒரு நாள்கூட அவர் வருந்தி நான் பார்த்ததில்லை. இந்த ஒன்று மட்டும் அவரை உட்காரவிடவில்லை. படுக்கையில் விழுந்து, பெயர்கள் எல்லாம் மறந்துபோன பிறகும், விசிறிக்கொண்டிருந்த என் கையைப் பிடித்து, "முன்னாலயா, பின்னாலயா?" என்றார். முன்னால் இல்லை மாமா, பின்னால்தான் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். தெரியாததைச் சொன்னால் அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று விசிறிக்கொண்டே இருந்தேன்.

பலகைச் சுவர் கல் சுவராகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. போன மாதம் அடுப்படிக் கூரை ஒழுகுகிறது என்று என் மகனோடு ஒரு சாமான் கடைக்குப் போனேன். எங்களுக்கு முன்னால் நின்றவர் குருபோங்கில் பெரிய கட்டடம் எடுக்கிறவர் போலிருந்தது. ஒரு லாரி நிறைய வாங்கினார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பெண் இரண்டே இரண்டு தகரத்துக்கு விலை கேட்டுக்கொண்டு, கைப்பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் விற்பனை வரியாம். "எல்லாருக்கும் ஒண்ணுதான்மா, அப்ப நியாயந்தானே?" என்றான் மகன். என் காலும் ஒரு இடத்தில் நிற்க மறுத்தது. அந்தப் பெண்ணின் முறை வந்ததும் கடைக்காரப் பையன் இயந்திரத்தில் விலையைத் தட்டினான், வரியையும் தட்டினான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.