முன்னால் நடக்கிற மனிசன்

என் மனிசனுக்குப் பக்கத்தில் நடக்க வராது. நோர்பரி ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வரும் பத்து நிமிடத்திலும் அவர் இருபதடி முன்னால் போவார்; நான் சாமான் பைகளோடு பின்னால். முப்பத்தொரு வருடமாக அந்த முதுகைப் பார்த்தே லண்டன் தெருக்களைக் கடந்திருக்கிறேன். போன இலையுதிர் காலத்தில் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த முதுகிலிருந்து கண்ணை எடுக்கவே பயம்.

மார்கழி விடுமுறைக்கு அரிசோனாவில் இருக்கும் மகளிடம் போனோம். விமானம் ஏறலாம், மெல்ல நடக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். 'மெல்ல' என்ற சொல் மட்டும் இவர் காதில் விழவில்லை. ஒரு காலை மகள் எங்களைப் பாலைவனப் பாதை ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். வேலையிடத்து மீட்டிங் வந்துவிட்டதால், "ஒரு சின்ன வட்டம்தான், நடந்திட்டு வாங்கோ அம்மா" என்று சொல்லிக் காரிலேயே இருந்துவிட்டாள். இவர் போனையும் காரிலேயே விட்டுவிட்டு விடுவிடென்று இறங்கிப் போய்விட்டார். நெஞ்சு நொந்தால் நாக்கின் கீழ் அடிக்கிற ஸ்ப்ரே என் கைப்பையில்!

நடப்பவர், சைக்கிள்காரர், குதிரைக்காரர் எல்லோருக்கும் அங்கே ஒரே பாதை. எல்லோரும் குதிரைக்கு வழிவிட வேண்டும் என்று வாசலில் பலகை. குளிர்காலமாம் என்று லண்டன் ஸ்ட்ரெதமில் வாங்கிய தடித்த ஜாக்கெட்டோடு போன நான் பத்து நிமிடத்தில் அதைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். ஒரு பொட்டு நிழல் இல்லை. மூன்றாள் உயரக் கள்ளிகள்தான் நின்றன. எதிரே இரண்டு குதிரைகள் வந்தன. ஒதுங்கி நின்றேன். புழுதி அடங்கிப் பார்த்தால் முதுகைக் காணவில்லை. பாதை அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்திருந்தது.

"இஞ்சேருங்கோ!" என்று கத்தினேன். பதில் இல்லை. இன்னும் நாலு தரம் கத்தினேன்.

கட்டின நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவேன். பெயரைச் சொன்னால் புருசனின் ஆயுள் குறையும் என்று அம்மா சொல்லி வளர்த்தவர். நான் பாங்கில் வேலை செய்கிறவள், இதையெல்லாம் நம்புவதில்லை என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். ஆனால் ஸ்டென்ட் வைத்த அன்று ஆஸ்பத்திரி வரவேற்பில் அவருடைய பெயரைக் கேட்டபோது, பெயர் எழுதியிருந்த கடிதத்தைத்தான் நீட்டினேன்.

சைக்கிளில் வந்த ஒரு பெண் நிறுத்தி, என்ன பிரச்சினை என்று கேட்டாள். சொன்னேன். "அவருடைய பெயர் என்ன? முன்னால் போய்க் கூப்பிட்டுப் பார்க்கிறேன்" என்றாள். நான் வாயைத் திறந்து திறந்து மூடினேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். எனக்கோ எரிச்சலில் அழுகை வந்தது. எந்த மண்ணாங்கட்டி ஆயுள்! இங்கே ஆளையே காணவில்லை! பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி அவருடைய முழுப் பெயரையும் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

வலப்பக்கப் பாதையால் ஓடி வந்தார். ஓடி!

"என்ன? என்ன நடந்தது உமக்கு? விழுந்திட்டீரோ?" முகம் வெளிறியிருந்தது.

அவரை ஒரு கல்லில் இருத்தி ஸ்ப்ரேயை வெளியே எடுத்தேன். வேண்டாம் என்று கையால் காட்டினார். நோகவில்லையாம், மூச்சுத்தான் வாங்குகிறதாம்.

"இஞ்சேருங்கோ எண்டு தொண்டை கிழியக் கத்தினனே, கேக்கேல்லையோ?"

"கேட்டது."

"பிறகேன் நிக்கேல்லை?"

"அது நீர் எந்த நாளும் கூப்பிடுறதுதானே." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "பேரைச் சொன்னீர். உமக்கு ஏதோ நடந்துபோச்சு எண்டு நினைச்சன்."

அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. சைக்கிள்காரியிடம் நன்றி சொல்லி அனுப்பினேன்.

லண்டனுக்குத் திரும்பியும் எனக்கு நித்திரை ஒழுங்காக இல்லை. பெயரைச் சொல்லிவிட்டேனே, சொல்லிவிட்டேனே என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. மாசியில் அவருக்குச் செக்-அப். வரவேற்பில் இருந்த பெண் நோயாளியின் பெயரைக் கேட்டாள். நான் கைப்பைக்குள் கடிதத்தைத் தேடினேன்.

"சொல்லுமன்," என்றார் இவர். "இந்தமுறை ஓடி வரத் தேவையில்லை. பக்கத்திலைதானே நிக்கிறன்."

நான் சொல்லவில்லை. கடிதத்தைத்தான் நீட்டினேன்.