அழிக்கக் கூடாத வரி

இரண்டாம் வகுப்புக்கு எழுத்து சொல்லிக் கொடுப்பவருக்குத் தொண்டை, பொறுமை, சாக்பீஸ் மூன்றும் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். இதே பாடு படும் சக ஆசிரியர்களான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கெலமங்கலம் பக்கத்தில் எங்கள் பள்ளி. பிள்ளைகள் ஆளுக்கொரு வரியாகக் கதை சொல்வார்கள். நான் பலகையில் எழுதுவேன். அதையே படித்து, எழுதிப் பழகுவார்கள். ஒரே சட்டம்தான். யார் வரியையும் அழிக்கக் கூடாது. பிடிக்காவிட்டால் அடுத்த வரியைச் சொல்லலாம்.

தூங்கும் ராஜா

ஒருநாள் கதையில் ராஜா பட்டப்பகலில் தூங்கினார். எதிரி படையோடு வந்து நிற்கிறானே, எழுப்ப வேண்டாமா என்றேன். நித்யா விடவில்லை. எதிரியைச் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக வரச் சொன்னாள். அவள் அப்பா விருதுநகரிலிருந்து ஓசூர் கம்பெனி வேலைக்கு வந்தவர். காரணம் கேட்டேன்.

"ராஜாவுக்கு நைட் ஷிப்ட் மிஸ்."

ஒரு மாசத் தவணை

காவ்யா மட்டும் வாயே திறக்க மாட்டாள். பலகையைப் பார்த்து எழுதுவதோடு சரி. தானாக ஒரு சொல் எழுதியதில்லை. காட்டோரத்தில் ராகி போடும் குடும்பம். அவள் அப்பா வந்து, வேன் வரும் தனியார் பள்ளியில் சேர்க்கப்போவதாகச் சொன்னார். அங்கே போனாலும் இவள் பேசப் போவதில்லை, கடைசி வரிசையில் காணாமல் போய்விடுவாள் என்று எனக்குப் பயம். கொஞ்ச நாள் பொறுக்கும்படி கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டேன்.

"ஒரு மாசம் பாக்கறேங்க மேடம். அப்பவும் எழுத்து வரலன்னா டிசி குடுத்துருங்க."

ராகி வயலில் யானை

கம்பெனி வீட்டுப் பிள்ளைகளுக்கு யானை என்றால் கொண்டாட்டம். மாசக் கடைசியில் ஒருத்தி கதையில் யானையை ராகி வயலில் இறக்கிவிட்டாள். தின்றது, ஆடியது, படுத்து உருண்டது என்று வரிகள் ஏறிக்கொண்டே போயின. காவ்யா அழுதுகொண்டே வந்து டஸ்டரை என்னிடம் நீட்டினாள். அந்த வாரம்தான் அவர்கள் வயலில் நிஜமாகவே யானை புகுந்திருந்தது.

அழித்துவிடலாம் என்றுதான் மனசு சொன்னது. ஆனாலும் டஸ்டரை வாங்கிக்கொண்டு சாக்பீஸைக் கொடுத்தேன். கோணல்மாணலாக எழுதினாள்: 'அப்பா வேட்டு போட்டார். யானை போச்சு.' விரல் வைத்து அதைச் சத்தமாகப் படிக்கவும் செய்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நித்யாதான் முதலில் பேசினாள்.

"மிஸ், இனிமே காவ்யாவும் கதை சொல்லுவா."

தவணை முடிந்த நாள்

மறுநாள் அவள் அப்பா வந்தார். நான் பெருமையாகப் பலகை முன்னால் கூட்டிப்போய், அவளே எழுதியது என்றேன். மெதுவாக இரண்டு தடவை படித்தார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் சுண்டிவிட்டது. மகள் காதில் விழாதபடி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"நான் வேட்டு போடலீங்க மேடம், பயந்து ஓடியாந்துட்டேன். அவளும் பாத்துட்டுதான் இருந்தா. அதை அழிச்சுராதீங்க."

ஆக, இந்த வேலையில் நான் கண்டது இதுதான்: டிசி பேச்சு அதோடு நின்றது, யானைக் கதையை அழிக்காமல் விட்டதால் அந்த வாரம் முழுக்கக் கணக்குப் பாடத்துக்கு அரைப் பலகைதான் மிஞ்சியது.